ஏழு பழங்களும் பதினாறு பக்கங்களும்
(கையால் ஆகும் நூல் பற்றி ஒரு விளக்கம்)

நூல் என்னும் சொல் தமிழில் இரு பொருள் தருவது. பஞ்சிலிருந்து திரிப்பதும் நூல். புலவன் யாப்பதும் நூல். இவ்விரண்டையும் நன்னூலார் தம் பாயிரத்தில் உவமையால் இணைத்துக் காட்டியிருப்பதை இளங்கலை முதலாண்டு மாணவரும் அறிவர். ஆண்டே சொல் பஞ்சாகும். புலவன் நூற்கும் பெண்ணாவான். அவன் வாய் கையாகும். அவன் மதி கதிராகும். இருபது ஆண்டுகளாக இவ்வுவமையை வகுப்பில் விளக்கி வரும் யாம், அதில் வரும் ‘கை’யைப் பற்றி ஒரு நாளும் நின்று எண்ணியதில்லை. எண்ண வைத்தவர் எம் துறை மாணவர் அல்லர். ஓவியம் பயிலும் ஒரு பெண்.

புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் வட்டத்து அரிமளம் எம் ஊர். எம் தெருவுக்கு அடுத்த தெருவில் வாழும் குடும்பத்துப் பெண் ஒருவர் கவின்கலைக் கல்லூரி ஒன்றில் பயில்கின்றார். நூல்களுக்குப் படம் வரைவது அவர் விரும்பி எடுத்த துறை. அச்சகத்தின் துணையின்றி, எழுத்தும் படமும் தாளும் தையலும் எல்லாம் தம் கையால் அமைய ஒரு நூலை ஆக்கித் தரவேண்டும் என்பது இறுதியாண்டில் அவருக்கு இடப்பட்ட பணி. கோடை விடுமுறையில் ஒரு நாள் எம் இல்லம் வந்தார்.

“ஐயா, எங்க அப்பாயி சின்ன வயசுல காட்டுல பறிச்சுத் தின்ன பழமெல்லாம் ஒண்ணொண்ணாச் சொல்லுது. அதை வச்சு ஒரு புத்தகம் செய்யப்போறேன். எழுத்து மட்டும் நீங்க எழுதித் தரணும்” என்றார். யாமும் மகிழ்ந்து ஒப்புக்கொண்டோம்.

அப்பாயி சொன்ன பழங்கள் பதினொன்று. காரை, சூரை, களா, வீரை, பாலை, நறுவிலி, ஈச்சு, நாவல், இலந்தை, விளா, கொடுக்காப்புளி என்பன அவை. மழை குறைந்த இச்செம்மண் நிலத்திற்கே உரிய முட்புதர்க் காடு தந்த செல்வங்கள் இவற்றுள் பல. இன்று எம் ஊரைச் சூழ்ந்த காட்டு நிலங்களில் கண்ணுக்கு எட்டுமட்டும் நிற்பது தைலமரம். 1974இல் அமைந்த தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் இம்மாவட்டத்தில் பரவலாக வளர்த்துவரும் மரம் அது. கண்மாய்க்கு வரவேண்டிய நீர் அத்தோட்டங்களால் தடைப்படுகின்றது என்று உழவர் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். வெட்டப்படும் மரம் பெரும்பாலும் காகித ஆலைகளுக்குக் கூழாகப் போகின்றது.

இந்த இடத்தில்தான் அம்மாணவியின் நூலுக்கு முதல் இடர் வந்தது. கடையில் வாங்கிய வரைதாளில் காரைப்பழத்தின் முதற்படத்தை வரைந்துகொண்டு வந்திருந்தார். படத்தைக் காட்டியவர், தாளைத் தடவிப் பார்த்துக்கொண்டே, “இந்தத் தாளு எதுல இருந்துங்கய்யா வருது?” என்று வினவினார். மரக்கூழில் இருந்து என்றோம். சிறிது நேரம் பேசாதிருந்தார். காரையையும் சூரையையும் அழித்துவிட்டு நிற்கும் மரத்தின் மேலேயே காரையையும் சூரையையும் வரைவதா என்பது அவர் எண்ணம். அத்தாள் அரிமளத்து மரத்தினது என்று யாம் சொல்லவரவில்லை. தான் எந்த ஊர் மரம் என்பதை எந்தத் தாளும் சொல்வதில்லை. ஆயினும் அவ்வினாவிற்குப் பின் அவரால் அத்தாளில் வரைய இயலவில்லை.

மரமின்றியும் தாள் உண்டு. பருத்தித் துணிக் கழிவிலிருந்து கையால் தாள் செய்யும் தொழில் பழமையானது. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தார் 1959இல் தொடங்கிய கைத்தாள் கூடம் தென்னாட்டவர் அறிந்தது. துணியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நீரில் ஊற வைத்து, நெடுநேரம் அடித்துக் கூழாக்குவர். பின்னர்க் கூழைத் தொட்டி நீரில் கலக்கி, சட்டமிட்ட வலையை அதனுள் அமிழ்த்தி எடுப்பர். நீர் வடிய, வலைமேல் மெல்லிய படலம் தங்கும். அதனைத் துணிமேல் ஒற்றி, அடுக்கி, அழுத்தி, உலர்த்தினால் தாளாகும். ஆலைத்தாளில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும். அதனால் ஒரு பக்கமாக மடித்தால் பணியும், மறுபக்கமாக மடித்தால் முரண்டும். கைத்தாளில் இழைகள் பல திசையிலும் பின்னிக் கிடப்பதால் எப்பக்கம் மடிப்பினும் ஏறத்தாழ ஒரே தன்மையோடு இருக்கும். இக்குணத்தை யாம் அப்பெண்ணிடமிருந்தே கற்றோம்.

தாள் வந்தது, அடுத்து எண்ணிக்கை வந்தது. ஒரு தாளை ஒருமுறை மடித்தால் நான்கு பக்கம். அவ்வாறு மடித்த நான்கு தாள்களை ஒன்றினுள் ஒன்றாகச் செருகினால் பதினாறு பக்கம். பதினேழாம் பக்கம் வேண்டுமெனில் வெறுமனே சேர்த்துவிட முடியாது. மற்றொரு தாளும் அதனோடு வரும் மற்ற மூன்று பக்கங்களும் வேண்டும். மலர்க் குழுவினர் இறுதி வேளையில் “இன்னும் மூன்று பக்கம் இருக்கிறது, ஏதேனும் கட்டுரை தாருங்கள்” என்று எம்மைத் தேடி வருவதன் மறைபொருள் இதுவே என்பது எமக்கு அன்று விளங்கிற்று.

அம்மாணவியிடம் இருந்த தாள் ஒரு படிக்கு நான்கு. ஆகவே பதினாறு பக்கம். முதற்பக்கம் தலைப்புக்கு, இறுதிப்பக்கம் ஆக்கியோர் குறிப்புக்கு. எஞ்சிய பதினான்கும், விரித்தால் எதிரெதிராக அமையும் ஏழு இணைகள். ஓர் இணைக்கு ஒரு பழம் என்றால் ஏழு பழங்களுக்கே இடம். நான்கினை நீக்கவேண்டும். எதனை நீக்குவது? அப்பாயிக்கோ பதினொன்றும் ஒன்றே. நாவலும் இலந்தையும் விளாவும் கொடுக்காப்புளியும் சந்தையில் இன்றும் கூறுகட்டி விற்கப்படுகின்றன. எனவே அவை தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் என்று கூறி அவற்றை விடுத்தார். மடிப்பு இட்ட கணக்கு, எதனைச் சொல்லவேண்டும் என்னும் தெளிவையும் தந்தது என்க.

பக்கங்களை அடுக்குவதிலும் ஒரு நுட்பம் உண்டு. படிக்கும்போது அடுத்தடுத்து வருவன, தாளில் அடுத்தடுத்து இருப்பதில்லை. மேற்கூறிய பதினாறு பக்க நூலில் முதற்பக்கத்திற்குத் தாளில் அண்டையில் இருப்பது பதினாறு, இரண்டிற்குப் பதினைந்து, மூன்றிற்குப் பதினான்கு. எவ்விரண்டினைக் கூட்டினும் 17 வரும். நடுத்தாளில் மட்டுமே எட்டும் ஒன்பதும் உண்மையில் ஒட்டியிருக்கும். அம்மாணவி முதல் முயற்சியில் மூன்றிற்கு அண்டையில் பதின்மூன்றை அச்சிட்டுவிட, களாப்பழத்தின் எதிரே ஈச்சம்பழத்தின் பெயர் வந்து நின்றது. இரண்டு நாள் உழைப்பு வீண். அதன்பின் வெற்றுத்தாளில் சிறு மாதிரி ஒன்றை மடித்து எண்ணிட்டு அருகில் வைத்துக்கொண்டே பணி செய்தார். நடுப்பக்க இணையைப் பாலை மரத்திற்கு வைத்தார். கிளை பரப்பி நிற்கும் மரத்தைத் தாள் வெட்டாத இடம் அது ஒன்றே.

இனி எம் பங்கு. ஒவ்வொரு பழத்திற்கும் ஏறத்தாழ நாற்பது வரி எழுதினோம். வீரைக்கு எழுதியதில் சொற்பிறப்பு இருந்தது, கோயிற்காடுகளின் வரலாறு இருந்தது, இலக்கிய ஆட்சியும் இருந்தது. எமக்கு நிறைவாகவே இருந்தது. கட்டினைப் பெற்றுச் சென்றவர் மறுநாளே திரும்பி வந்தார். “ஐயா, தப்பா நினைக்காதீங்க. நான் ஒவ்வொரு எழுத்தையும் செதுக்கணும். ஒரு பழத்துக்கு நாலு வரிக்குள்ள குறைச்சுத் தர முடியுங்களா?” என்றார்.

எமக்குச் சினம் வந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் அவர் பையிலிருந்து எடுத்துக் காட்டிய லினோலியத் துண்டைக் கண்டபின் அச்சினம் நிற்கவில்லை. அவ்வச்சுமுறையில் படமும் எழுத்தும் மேடாக நிற்க, சூழ்ந்த வெளியைச் சிற்றுளியால் தோண்டி எடுக்கவேண்டும். மேட்டில் மை தடவி, தாளை வைத்து, முதுகில் தேய்த்தால் படம் பதியும். அவர் தேய்த்தது வீட்டுக் கரண்டியின் முதுகால். எழுத்துக்களை இடவலமாக மாற்றிச் செதுக்கினால்தான் தாளில் நேராக விழும். ‘வீரை’ என்பதில் ஐகாரக் குறி நம் கண்ணுக்கு ரகரத்தின் முன் நிற்பது; கட்டையிலோ அது பின்னே, அதுவும் திரும்பி நிற்கவேண்டும். முதற்கட்டையில் அக்குறியை மட்டும் நேராகவே செதுக்கிவிட்டார். காரை, சூரை, வீரை, பாலை என நான்கு பெயர்களும் ஐகாரத்தில் முடிவது அவருக்குப் பெருந்துன்பமாயிற்று. ஒரு மாலைப்பொழுதில் இருபது எழுத்துக்கு மேல் ஓடவில்லை என்றார். யாம் எம் வீரைப் பகுதியின் எழுத்துக்களை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டோம்.

அன்றிரவு அடித்துத் திருத்தினோம். முதலில் உயர்வு நவிற்சிகள் போயின. பின் மேற்கோள்கள் போயின. அறிந்ததைக் காட்டுவதற்காக எழுதியவை எவை, வீரையைக் காட்டுவதற்காக எழுதியவை எவை என்பது எழுத்துக்கு இவ்வளவு உளி என்று விலை வைத்தபோது தானாகவே பிரிந்தது. எஞ்சியவை இரண்டு தொடர்கள். ஓலையில் எழுத்தாணி பிடித்தவனும் குடுமியான்மலைப் பாறையில் இசைக் கல்வெட்டைப் பொறித்தவனும் இவ்விலையை அறிந்தே இருந்திருப்பர். ஓலை கிழியுமென்று புள்ளியையே விட்டு எழுதிய மரபன்றோ நம்முடையது!

கையால் ஆகும் நூல் இக்காலத்தில் ஒரு மாணவியின் பயிற்சி மட்டும் அன்று. சென்னையில் கீதா உல்ஃப் 1994இல் தொடங்கிய தாரா புக்ஸ் பதிப்பகம் இத்துறையில் உலகறிந்தது. அவர்கள் 2006இல் வெளியிட்ட ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ என்னும் நூல் மத்தியப் பிரதேசத்துக் கோண்டு மரபு ஓவியர் மூவரின் படைப்பு. பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகியோர் அம்மூவர். கறுப்புக் கைத்தாளில், நிறத்திற்கு ஒரு திரையாகக் கட்டி, ஒவ்வொரு நிறத்தையும் உலரவிட்டுக் கையாலேயே அச்சிட்டு, கையாலேயே தைத்தனர். திருமண அழைப்பிதழ் அடிக்கும் அதே திரை அச்சு முறைதான். 2008இல் அந்நூல் இத்தாலியின் போலோஞா விருதினைப் பெற்றது. அம்மாணவி தம் ஆசிரியரிடம் இரவல் பெற்று அதனை எமக்குக் காட்டினார். மரங்களைப் பற்றிய அந்நூலில் கறுப்புத் தாளே இரவாக இருக்கின்றது. இரவை யாரும் வரையவில்லை. இங்கிலாந்தில் வில்லியம் பிளேக் 1789இல் தம் பாட்டையும் படத்தையும் ஒரே செப்புத் தகட்டில் அமைத்து அச்சிட்டு, மனைவி கேத்தரினுடன் கையால் வண்ணம் தீட்டிய செய்தியை யாம் அவருக்குச் சொன்னோம். அது ஒன்றே எம் பக்கத்துச் சீர்வரிசை!

படம் நூலுக்கு அணி என்று கருதி வந்தோம். அதுவும் மாறிற்று. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கியுள்ளார். நச்சினார்க்கினியர் உரையும் இருக்கின்றது. ஆயினும் அவற்றுள் சில இன்ன மலர்தான் என்று அறுதியிட இயலாமல் அறிஞர் இன்றும் மாறுபடுகின்றனர். பெயர் எஞ்சியது, உரை எஞ்சியது, உருவம் எஞ்சவில்லை. ஒரே ஓர் ஓவியன் அவ்வேட்டின் ஓரத்தில் கீறி வைத்திருந்தால் எத்தனை ஆய்வேடுகள் மிச்சமாகியிருக்கும்! ஒடிசாவில் ஓலையிலேயே சித்திரம் கீறும் மரபு உண்டு. தஞ்சை சரசுவதி மகாலிலும் யானை, குதிரை பற்றிய சுவடிகள் வண்ணப் படங்களோடு உள்ளன. நம் இலக்கிய ஏடுகளுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. காரை இலையையும் முள்ளையும் அம்மாணவி வரைந்தது ஓர் உரையே ஆகும்.

யாம் அவருக்குத் தந்தது ஒன்றுண்டு. எம் பாட்டனார் ஓதிவந்த அறபுத்தமிழ்க் கிதாபு ஒன்று எம் இல்லத்தில் இருக்கின்றது. அதன் ஒவ்வொரு தாளின் அடியிலும் அடுத்த பக்கத்தின் முதற்சொல் தனியே எழுதப்பட்டிருக்கும். பக்க எண் இல்லாத காலத்தில் தாள்கள் கலைந்துவிடாமல் தைப்பவருக்கு உதவ அறபு நூல்களில் பரவிய வழக்கம் இது. பழைய ஐரோப்பிய அச்சு நூல்களிலும் காணலாம். நம் அந்தாதியின் உறவினன் போலும் என்று வேடிக்கையாகச் சொன்னோம். அவர் அதனை வேடிக்கையாக விடவில்லை. தம் நூலில் பக்க எண்ணை நீக்கிவிட்டு, ஒவ்வோர் இணையின் அடியிலும் அடுத்து வரப்போகும் செடியின் ஓர் இலையைச் சிறிதாக வைத்துவிட்டார்.

மொத்தம் ஏழு படிகள். மடித்த தாள்களின் நடுவே ஐந்து துளையிட்டு, மெழுகு தடவிய நூலால் தைத்து, மயில்துத்தம் கலந்த மைதாப் பசையால் அட்டை ஒட்டினார். முதற்படி அப்பாயிக்கு. எழுத்தறியாத அம்மூதாட்டி பக்கங்களைப் புரட்டிப் பழங்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். சூரையில் நின்றார். “ஏன்டி, சூரை முள்ளு கொக்கி மாதிரியில்ல வளைஞ்சிருக்கும்? நீ நேராப் போட்டு வச்சிருக்க. காரை முள்ளுதான் நேரா இருக்கும்” என்றார்.

கட்டையில் இனித் திருத்த வழியில்லை. ஏழு படிகளையும் திரும்ப வாங்கி, மைக்கோலால் ஒவ்வொரு முள்ளின் நுனியையும் அவர் வளைத்துத் தந்தார். எம்மிடம் உள்ள படியில் ஒரு முள் மட்டும் நேராகவே விடுபட்டிருக்கின்றது. யாம் அதனைச் சொல்லவில்லை.