வண்டிக்கு டானிக் தேவையா?

கடை வாடகை, மின்கட்டணம், ஆள் கூலி ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக மளிகை வணிகரின் கையைக் கடிப்பது வண்டிச் செலவு. மண்டியிலிருந்து சரக்கு ஏற்றி வரவும், வாடிக்கையாளர் வீட்டுக்கு அனுப்பி வைக்கவும் மொபெட், மூன்று சக்கர ஆட்டோ, மினி லாரி என ஏதேனும் ஒன்று இல்லாத கடை இப்போது அரிது. வண்டி ஒரு நாள் படுத்துவிட்டால் அன்றைய வியாபாரமும் படுத்துவிடுகிறது. "ஒரு பாட்டில் ஊற்றுங்கள், என்ஜின் புதிதுபோல் ஆகிவிடும், மைலேஜ் கூடும்" என்று யாராவது சொன்னால் நமக்கு ஆசை வருவது இயல்புதான்.

இந்த விஷயத்தில் நமக்கு இரட்டைப் பங்கு உண்டு. இந்தப் பாட்டில்களை வாங்கி ஊற்றுபவர்களும் நாம். கடையில் அடுக்கி விற்பவர்களும் நம்மில் உண்டு. எனவே இரு கோணத்திலும் இதைப் பார்ப்பது அவசியமாகிறது.

சுருக்கமாகச் சொன்னால், சரியான மருந்தைச் சரியான நோய்க்கு, சரியான அளவில் கொடுத்தால் பயன் உண்டு. நோய் தெரியாமல் மாதந்தோறும் ஊற்றுவது வீண் செலவு. புதிய பி.எஸ்.6 வண்டிகளில் தவறான மருந்து பெரிய செலவை இழுத்துவிடவும் கூடும்.

அழுக்கு எங்கே சேருகிறது?

பெட்ரோலும் டீசலும் எரியும்போது முழுவதுமாக எரிவதில்லை. எரியாத மிச்சம் கரியாகவும் பிசினாகவும் இன்ஜெக்டர் முனையிலும், வால்வுகளிலும், பிஸ்டன் தலையிலும் படிகிறது. என்ஜின் ஆயில் பழையதாகி, உரிய காலத்தில் மாற்றப்படாவிட்டால் அதுவும் கெட்டியாகி உட்புறத்தில் சேறுபோல் ஒட்டிக்கொள்கிறது. ஆக, அழுக்கு சேரும் இடம் இரண்டு. ஒன்று எரிபொருள் செல்லும் வழி. மற்றொன்று ஆயில் செல்லும் வழி. விற்பனையாகும் மருந்துகளும் அதற்கேற்பவே இருக்கின்றன. டேங்கில் ஊற்றுவது ஒரு வகை. ஆயில் மாற்றுவதற்குச் சற்று முன் ஊற்றிக் கழுவுவது இரண்டாவது வகை. புதிய ஆயிலோடு கலந்து அப்படியே விட்டுவிடச் சொல்வது மூன்றாவது வகை. மூன்றையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்வதே பல தவறுகளுக்குக் காரணம்.

பெட்ரோல் வண்டிகளில்

டேங்கில் ஊற்றும் பெட்ரோல் மருந்துகளில் பலன் தரும் பொருள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. பாலிஈதர் அமீன் என்ற சேர்மம் இன்ஜெக்டரிலும் வால்விலும் படிந்த கரியைக் கரைக்க வல்லது. பெட்ரோலிலேயே படிவு தடுக்கும் சேர்மம் கலந்திருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1995 முதல் சட்டமே இருக்கிறது. அங்குள்ள ஏ.ஏ.ஏ. என்ற வாகன உரிமையாளர் சங்கம் 2016-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஏறத்தாழ 6,400 கி.மீ. ஓட்டத்துக்குச் சமமான சோதனையில், கூடுதல் தரச் சேர்மம் கலந்த பெட்ரோலைவிட மற்ற பெட்ரோலில் சராசரியாக 19 மடங்கு அதிகப் படிவு சேர்ந்தது தெரியவந்தது. நம் நாட்டிலும் 'ஸ்பீடு' போன்ற பிராண்டட் பெட்ரோலில் இத்தகைய சேர்மம் கலந்தே வருகிறது. அதைப் போடுபவர் தனியாகப் பாட்டில் வாங்கி ஊற்றுவது ஒரே செலவை இரண்டு முறை செய்வதாகும்.

ஆனால் இந்த மருந்துக்கும் எல்லை உண்டு. பெரும்பாலான சிறிய பெட்ரோல் வண்டிகளில் இன்ஜெக்டர், வால்வின் பின்புறத்தில் பெட்ரோலைத் தெளிக்கிறது. அதனால் மருந்து கலந்த பெட்ரோல் வால்வைக் கழுவிக்கொண்டே செல்கிறது. இப்போது வரும் டர்போ பெட்ரோல் கார்கள் பலவற்றில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. அங்கே பெட்ரோல் உள்ளிழுக்கும் வால்வைத் தொடுவதே இல்லை. எத்தனை பாட்டில் ஊற்றினாலும் அந்த வால்வில் படிந்த கரி போகாது. பிரித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

நம் கடைகளில் அதிகம் ஓடும் மொபெட்டைப் பார்ப்போம். டிவிஎஸ் எக்ஸ்எல் 100 வண்டியில் பி.எஸ்.6 வந்தபின் கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. கார்புரேட்டரைக் கழற்றி பெட்ரோலில் கழுவி மாட்டிய காலத்து வைத்தியம் இதற்குப் பொருந்தாது.

எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலையும் கவனிக்க வேண்டும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மை உடையது. பழைய டேங்கில் ஒட்டியிருக்கும் அழுக்கையும் கரைத்துக் கிளப்பிவிடும். பழைய வண்டி திடீரென்று திக்கினால் முதலில் பெட்ரோல் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். நாள்கணக்கில் வண்டியை ஓட்டாமல் நிறுத்தி வைப்பதையும் தவிர்க்க வேண்டும்.

'ஆக்டேன் கூட்டும்' என்று விற்கப்படும் சில மருந்துகளில் ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்மம் இருக்கும். இது ஸ்பார்க் பிளக்கில் செம்மண் நிறத்தில் படிந்து பிளக்கைக் கெடுத்துவிடும். சைலன்சரில் உள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கும் நல்லதல்ல.

டீசல் வண்டிகளில்

2005-ல் டாடா ஏஸ் வந்தபோது அதில் இருந்தது இரண்டு சிலிண்டர் கொண்ட எளிய டீசல் என்ஜின். அத்தகைய என்ஜின் சிறு கோளாறுகளைப் பொறுத்துக்கொள்ளும். இன்றைய 'காமன் ரெயில்' டீசல் என்ஜின் அப்படியல்ல. லாரி டயரில் நாம் அடிக்கும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 8 பார். காமன் ரெயிலில் டீசல் 1,600 பார் அளவுக்கும் அதற்கு மேலும் அழுத்தப்படுகிறது. டயர் அழுத்தத்தைப்போல் 200 மடங்கு! தலைமுடி கனமே உள்ள துளைகள் வழியாக அது பீய்ச்சப்படுகிறது. இங்கே சிறு தூசியும் ஒரு துளி நீரும் பெரும் பகை.

டீசலுக்கென்றே தயாரித்த நல்ல இன்ஜெக்டர் கிளீனர், துளையில் ஒட்டிய மென்மையான படிவைக் கரைக்கக்கூடும். தேய்ந்துபோன இன்ஜெக்டரையோ, பழுதான பம்பையோ அது சரிசெய்யாது. சில ஓட்டுநர்கள் பழைய வழக்கப்படி 'சுத்தம் ஆகும்' என்று டீசலில் மண்ணெண்ணெய் கலக்கிறார்கள். டீசல்தான் பம்புக்கு எரிபொருளும் மசகும். மண்ணெண்ணெய் கலந்தால் மசகு குறைந்து பம்பு தேயும். ஒரு லிட்டர் மிச்சப்படுத்தப்போய் பம்பையே மாற்ற நேரிடும்.

பி.எஸ்.6 வண்டிகளில் கூடுதல் கவனம்

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6 நடைமுறைக்கு வந்தது. டீசலில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. பல டீசல் வண்டிகளின் புகைக் குழாயில் டி.பி.எஃப். என்ற புகைத்தூள் வடிகட்டி வந்திருக்கிறது. இது கரித்தூளைப் பிடித்து வைத்து, அவ்வப்போது 600 டிகிரி அளவு வெப்பத்தில் எரித்துவிடும். கரி எரியும், ஆனால் ஆயிலில் இருந்தும் உலோகம் கலந்த மருந்துகளில் இருந்தும் வரும் சாம்பல் எரியாது. அது வடிகட்டியிலேயே தங்கி, நாளடைவில் அடைத்துவிடும். அதனால்தான் இவ்வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயிலைத் தயாரிப்பாளர் குறிப்பிடுகிறார். விலை மலிவு என்று வேறு ஆயில் ஊற்றுவதும், உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத மருந்தை ஊற்றுவதும் ஒரே வகைத் தவறு.

மண்டிக்கும் கடைக்குமாக ஐந்து, ஆறு கிலோமீட்டர் மட்டும் ஓடி நின்றுவிடும் வண்டிகளில் வடிகட்டி சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. கரி எரியாமல் சேர்ந்து, எச்சரிக்கை விளக்கு எரிகிறது. உடனே பாட்டில் தேட வேண்டாம். கையேட்டில் சொல்லியபடி நெடுஞ்சாலையில் சிறிது நேரம் ஒரே சீரான வேகத்தில் ஓட்டினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். அதன்பிறகும் விளக்கு அணையாவிட்டால் சர்வீஸ் நிலையத்துக்குச் செல்ல வேண்டும். யூரியா திரவம் ஊற்றும் தனி டேங்க் உள்ள வண்டிகளில் அந்த டேங்கில் வேறு எதையும் ஊற்றக்கூடாது. அந்தத் திரவத்தை டீசல் டேங்கிலும் ஊற்றக்கூடாது.

ஆயிலில் ஊற்றும் மருந்துகள்

ஆயில் மாற்றும்போது 'ஃப்ளஷ்' ஊற்றிக் கழுவுவது மெக்கானிக்குகள் பரிந்துரைக்கும் ஒன்று. உரிய காலத்தில் ஆயில் மாற்றிவரும் வண்டிக்கு இது தேவையே இல்லை. நல்ல ஆயிலிலேயே அழுக்கு நீக்கும் பொருள் உண்டு. நெடுநாள் ஆயில் மாற்றாத பழைய என்ஜினுக்கோ இது ஆபத்து. உள்ளே ஒட்டியிருக்கும் சேறு ஒரேயடியாகப் பெயர்ந்து ஆயில் பம்பின் சல்லடையை அடைத்தால், ஆயில் மேலே ஏறாமல் பேரிங் பிடித்துவிடும். அப்படிப்பட்ட வண்டிக்கு நல்ல ஆயில் ஊற்றி, வழக்கமான இடைவெளியைவிடச் சீக்கிரமாக இரண்டு மூன்று முறை ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுவதே பாதுகாப்பான வழி. டீசலையோ மண்ணெண்ணெயையோ ஊற்றி என்ஜினை ஓட்டிக் கழுவும் பழக்கத்தை அறவே விட வேண்டும்.

ஆயிலோடு கலந்து விட்டுவிடச் சொல்லும் மருந்துகள் பற்றி ஒரு பழைய வழக்கு பாடமாகும். என்ஜின் தேய்மானத்தைக் குறைக்கும் என்று அமெரிக்காவில் விளம்பரம் செய்த 'ஸ்லிக் 50' மீது அந்நாட்டு வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 1997-ல் உடன்பாடு ஏற்பட்டது. கையேட்டில் சொன்ன ஆயிலைப் பயன்படுத்தினாலே பெரும்பாலான என்ஜின்களுக்குப் போதிய பாதுகாப்பு கிடைத்துவிடுகிறது என்பது ஆணையத்தின் கருத்து.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு வண்டி மாதம் 1,500 கி.மீ. ஓடுகிறது, லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதச் செலவு 100 லிட்டர். மருந்து ஊற்றியதால் மைலேஜ் 2 சதவீதம் கூடினாலும் மிச்சம் ஏறத்தாழ 2 லிட்டர்தான். பாட்டிலின் விலை அதைவிட அதிகமானால் மாதந்தோறும் நஷ்டம். கடைக்குப் பேரேடு எழுதும் நாம் வண்டிக்கும் ஒரு சிறு நோட்டு வைத்து, ஊற்றிய லிட்டரையும் ஓடிய கிலோமீட்டரையும் குறித்துவந்தால் மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று அதுவே சொல்லிவிடும். டயரில் காற்று சரியாக இருப்பதும், ஏர் ஃபில்டர் சுத்தமாக இருப்பதும், அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்றாமல் இருப்பதும் செலவில்லாத மருந்துகள்.

விற்பனை செய்வோர் கவனத்துக்கு

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, விற்பனையாளருக்கும் பொறுப்பு வைக்கிறது. தயாரிப்பாளர் சொல்லாத உத்தரவாதத்தைக் கடைக்காரர் தாமாகச் சொல்லி விற்று, பொருள் அப்படி இல்லாமல் வாங்கியவருக்குச் சேதம் ஏற்பட்டால் இழப்பீட்டுக்குக் கடைக்காரர் பதில் சொல்ல நேரிடும். தயாரிப்பாளர் யார் என்றே தெரியாத பொருளுக்கும் இதே நிலைதான். "இது எல்லா வண்டிக்கும் ஊற்றலாம், மைலேஜ் அஞ்சு கிலோமீட்டர் கூடும்" என்று வாய்விட்டுச் சொல்வது எளிது. பின்னர் பதில் சொல்வது கடினம். தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர அளவு, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதம் ஆகியவை அச்சிடாத பாட்டிலை வாங்கி வைக்க வேண்டாம். இவற்றில் பல எளிதில் தீப்பற்றுபவை. உணவுப் பொருள்களிலிருந்தும் அடுப்பிலிருந்தும் தள்ளி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. பாட்டிலை வாங்குமுன் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். தயாரிப்பாளர் அனுமதிக்காததை ஊற்றினால் வாரண்டி கோரும்போது சிக்கல் எழலாம்.

2. பெட்ரோலுக்கு உரியதைப் பெட்ரோலுக்கும், டீசலுக்கு உரியதை டீசலுக்கும் மட்டும் பயன்படுத்துங்கள்.

3. சொன்ன அளவுக்கு மேல் ஊற்றினால் பலன் கூடாது, கேடுதான் கூடும்.

4. என்ஜின் விளக்கு எரிந்தால் முதலில் ஸ்கேனரில் சோதித்துக் காரணம் அறியுங்கள்.

5. டீசல் ஃபில்டரில் சேரும் நீரை உரிய காலத்தில் வடித்துவிடுங்கள். நம்பகமான ஒரே பங்க்கில் எரிபொருள் நிரப்புங்கள்.

6. கையேடு சொல்லும் தர எண் கொண்ட ஆயிலையே, சொன்ன கிலோமீட்டரில் மாற்றுங்கள்.

வட்டாரச் சங்கக் கூட்டங்களில் பி.எஸ்.6 வண்டிகளில் அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரை அழைத்து, உறுப்பினர்களும் அவர்களது ஓட்டுநர்களும் ஐயங்களைக் கேட்டுத் தெளிய ஏற்பாடு செய்யலாம். பாட்டிலை வாங்குவது முதலாளியாக இருந்தாலும், வண்டியில் ஊற்றுவது பெரும்பாலும் ஓட்டுநரே. அவருக்கும் இவ்விவரங்கள் தெரிந்திருந்தால்தான் வண்டி தப்பும்.