ஸ்கேன் அறிக்கையும் திசுப் பரிசோதனை அறிக்கையும் பொருந்துகின்றனவா?

மார்பகக் கட்டிக்காகப் பரிசோதனை செய்துகொள்ளும்போது பெரும்பாலும் இரண்டு அறிக்கைகள் உங்கள் கைக்கு வரும். ஒன்று, மேமோகிராம் அல்லது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அறிக்கை. மற்றொன்று, ஊசி மூலம் எடுத்த திசுவைச் சோதித்த பயாப்சி அறிக்கை. பயாப்சியில் "புற்றுநோய் இல்லை" என்று வந்தால் நிம்மதி அடைவது இயல்பே. ஆயினும், அது ஸ்கேனில் கண்டதோடு பொருந்துகிறதா என்று மருத்துவர் உறுதி செய்த பின்னரே அதை இறுதி முடிவாகக் கொள்ள வேண்டும்.

ஏன் ஒப்பிட வேண்டும்?

ஸ்கேன், கட்டியின் வடிவம், விளிம்பு, அளவு ஆகியவற்றைக் காட்டும், செல்களைக் காட்டாது. நுண்ணோக்கி செல்களைக் காட்டும். ஆனால் ஊசியில் வந்த மெல்லிய துண்டுகளில் உள்ளவற்றை மட்டுமே. ஊசி சற்று விலகியிருந்தால், கட்டிக்கு அருகிலுள்ள நல்ல திசுவே சோதிக்கப்பட்டிருக்கும்.

எவ்வாறு ஒப்பிடப்படுகிறது?

ஸ்கேன் அறிக்கையில் 'பைராட்ஸ்' என்ற பெயரில் 0 முதல் 6 வரை ஓர் எண் இருக்கும். 4 என்பது சந்தேகத்திற்குரியது. 5 என்பது புற்றுநோயாக இருக்க 95 விழுக்காடோ அதற்கு மேலோ வாய்ப்புள்ளது. 5 எனக் குறிக்கப்பட்ட கட்டியில் இயல்பான திசு மட்டுமே வந்திருந்தால், முடிவுகள் பொருந்தவில்லை என்று பொருள். சுண்ணாம்புத் துகள்களுக்காகப் பயாப்சி செய்தால், எடுத்த துண்டுகளில் அத்துகள்கள் உள்ளனவா என்று எக்ஸ்ரே மூலம் சரிபார்க்கப்படும்.

பொருந்தாவிட்டால் என்ன செய்வர்?

மீண்டும் பயாப்சி செய்யவோ, அறுவை சிகிச்சையால் அப்பகுதியை அகற்றிச் சோதிக்கவோ மருத்துவர் பரிந்துரைப்பார். இதனால் புற்றுநோய் உறுதியாகிவிட்டது என்று அஞ்ச வேண்டாம். ஆனால் காலம் தாழ்த்தவும் வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• இரண்டு அறிக்கைகளையும் ஸ்கேன் படங்களையும் ஒன்றாக எடுத்துச் செல்லுங்கள். பரிசோதனைகளை வெவ்வேறு இடங்களில் செய்திருந்தால் இது மிகவும் அவசியம்.
• "இரண்டு முடிவுகளும் பொருந்துகின்றனவா?" என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.
• முடிவுகள் பொருந்தினாலும், மருத்துவர் குறித்த நாளில் மறு ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.
• கட்டி பெரிதானாலோ, தோலிலும் காம்பிலும் மாற்றம் தெரிந்தாலோ, குறித்த நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவரை அணுகுங்கள்.