காற்றோடு வரும் நீர்: வீட்டுப் பட்டறைக்குச் சில குறிப்புகள்

காணியையும் வயலையும் விட்டு வந்த குடும்பங்கள் பல கைத்தொழிலை நம்பிச் சீவிக்கின்றன. வீதியோரத்தில் ஒரு கொட்டில், அதற்குள் ஒரு சிறிய கொம்பிரசர், நாலைந்து ஸ்பனர்கள். இவ்வளவு இருந்தால் சைக்கிளுக்குக் காற்றடிக்கலாம், உழவு இயந்திரத்தைத் திருத்தலாம், மோட்டார் சைக்கிளுக்குப் பெயின்ற் அடிக்கலாம். கடன்பட்டு வாங்கிய அந்தக் கொம்பிரசர் பழுதானால் அன்றாட வருமானமும் நின்றுவிடும். அதைப் பழுதாக்கும் காரணங்களுள் முக்கியமானது, நாம் கண்ணால் காணாத ஈரம். அதை அடக்கிவைக்கப் பெரிய செலவு தேவையில்லை. அன்றாடக் கவனமே போதும்.

நீர் எங்கிருந்து வருகிறது?

கொம்பிரசரினுள் நாம் நீர் விடுவதில்லை. அது இழுக்கும் காற்றிலேயே நீராவி இருக்கிறது. 30 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு கனமீற்றர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். எமது பகுதிகளில் ஈரலிப்பான நாட்களில் 24 கிராம் அளவு அதில் இருப்பது சாதாரணம்.

சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் அமுக்கம் வரும்வரை காற்றை நெருக்கினால், எட்டுக் கனமீற்றர் காற்று ஒரு கனமீற்றராகச் சுருங்குகிறது. அந்த எட்டிலும் இருந்த 192 கிராம் நீராவியும் ஒரு கனமீற்றருக்குள் வந்துவிடுகிறது. காற்று மீண்டும் 30 பாகைக்கு ஆறியதும் அதில் 30 கிராம் மட்டுமே நிற்கும். மீதி 162 கிராம் நீராக விழுந்துவிடும். எட்டுக் குடும்பங்களின் சாமான்களை ஒரு கொட்டிலுக்குள் அடுக்கினால், மிஞ்சியவை முற்றத்தில்தானே கிடக்கும்!

நிமிடத்துக்கு 100 லீற்றர் காற்றை இழுக்கும் சிறிய கொம்பிரசர் ஒரு மணித்தியாலம் தொடர்ந்து ஓடினால் ஏறக்குறைய 120 கிராம் நீர் சேரும். ஐந்து மணித்தியாலத்தில் அது அரை லீற்றரைத் தாண்டிவிடும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நெருக்கப்படும் காற்று மிகவும் சூடாகும். சூடான காற்று கூடுதலான நீராவியைத் தாங்கும். ஆகவே நீர் உடனே விழுவதில்லை; காற்று ஆற ஆறவே விழுகிறது. தாங்கியின் அடியில் ஒரு பகுதியும், குழாயிலும் கருவியிலும் மறு பகுதியும் சேர்வதற்கு இதுவே காரணம்.

அதனால் வரும் கேடு

பெயின்ற் அடிக்கும்போது நீர்த்துளி விழுந்தால் பூச்சில் குழிகளும் கொப்புளங்களும் தோன்றும். சிலவகைப் பூச்சுகளில் வெண்புகை போன்ற படலம் படியும். வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும், பெயின்றும் நட்டம். காற்றினால் இயங்கும் கருவிகளில் நீர் எண்ணெயைக் கழுவிவிடுவதால் அவை துருப்பிடிக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து தாங்கிக்கே. தேங்கிய நீர் தாங்கியின் அடித்தகட்டை உட்புறமாக அரிக்கிறது. வெளியே பெயின்ற் பளபளவென்று இருக்கும். உள்ளே தகடு மெலிந்துபோயிருக்கும். அப்படியான தாங்கி ஒருநாள் வெடிக்கலாம். பக்கத்தில் நிற்பவரின் உயிருக்கே அது ஆபத்து.

நாம் செய்யக்கூடியவை

1. ஒவ்வொரு நாளும் நீரை வடியுங்கள். வேலை முடிந்ததும் மோட்டாரை நிறுத்தி, அமுக்கம் 20 அல்லது 30 இறாத்தலுக்கு இறங்கிய பின் தாங்கியின் அடியிலுள்ள வடிகுழாயை மெதுவாகத் திறவுங்கள். நீர் முழுவதும் போய் வெறுங்காற்று வரும்வரை விடுங்கள். இரவில் அதைத் திறந்தே விட்டால் உள்ளே சற்றுக் காயும். மழைக்காலத்தில் மதியமும் ஒருமுறை வடிப்பது நல்லது.

2. கொம்பிரசரை நிழலிலும் காற்றோட்டத்திலும் வையுங்கள். கிணற்றடி, அடுப்படி, பெயின்ற் தெளிக்கும் இடம் ஆகியவற்றுக்குத் தூரமாக இருக்கட்டும்.

3. காற்று ஆறுவதற்கு வழி விடுங்கள். பெயின்ற் வேலை செய்பவர்கள் கொம்பிரசருக்கும் கருவிக்கும் இடையே 25 அடியளவு இரும்பு அல்லது செப்புக் குழாய் பூட்டினால், பெரும்பகுதி நீர் வழியிலேயே விழுந்துவிடும். இடமில்லையெனில் சுவரில் வளைத்து வளைத்துப் பூட்டலாம். ஒவ்வொரு கீழ் வளைவிலும் ஒரு வடிகுழாய் வேண்டும். கொம்பிரசரின் அதிர்வு குழாயை உடைக்காதபடி இரண்டையும் ஒரு றப்பர் குழாயால் இணையுங்கள்.

4. நேராகப் போகும் குழாயைச் சரிவாகப் பூட்டுங்கள். பத்து அடிக்கு ஒன்றரை அங்குலம் வீதம், கொம்பிரசரிலிருந்து அப்பால் போகப் போகப் பதிந்து செல்ல வேண்டும். கடைசி முனையில் கீழ்நோக்கி ஒரு துண்டுக் குழாயும் வடிகுழாயும் வையுங்கள். கிளைக் குழாயைப் பெரிய குழாயின் மேற்பக்கத்திலிருந்து எடுத்து வளைத்து இறக்குங்கள். அடியில் ஓடும் நீர் அதனுள் புகாது.

5. வடிகட்டியைக் கருவிக்கு அருகில் பூட்டுங்கள். வடிகட்டி நீர்த்துளியைப் பிடிக்கும், நீராவியைப் பிடிக்காது. ஆகவே சூடான காற்று வரும் இடத்தில் பூட்டினால் பயனில்லை. அதன் பிளாஸ்ரிக் கிண்ணத்தைச் சவர்க்கார நீரால் மட்டும் கழுவுங்கள். தின்னர் பட்டால் அது வெடித்துப் பிளக்கும்.

சைக்கிளுக்குக் காற்றடிப்பது மட்டுமே உங்கள் தொழிலாயின் வடிகட்டிக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. முதற் குறிப்பைத் தவறாது செய்தால் போதும்.

நீர் வருகிறதா என்று அறிய, காய்ந்த காட்போட் மட்டையின் மீது ஒரு நிமிடம் காற்றை ஊதிப் பாருங்கள். ஈரப் புள்ளிகள் விழுந்தால் பெயின்ற் வேலையைத் தொடங்க வேண்டாம்.

செய்யக்கூடாதவை

தண்ணீருக்கான பீவீசீ குழாயைக் காற்றுக்குப் பூட்டக்கூடாது. மலிவுதான். ஆனால் நெருக்கப்பட்ட காற்று, தண்ணீரைப் போலன்றி, குழாய் உடைந்ததும் ஒரேயடியாக விரிந்து துண்டுகளைக் கத்திபோல் எறியும்.

துருப்பிடித்து ஓட்டை விழுந்த தாங்கியை ஒட்டுப்போட்டுப் பாவிக்கக்கூடாது. ஓர் ஊசித்துவாரம் தெரிந்தால் சுற்றியுள்ள தகடும் மெலிந்துவிட்டது என்பதே பொருள். பழைய கொம்பிரசரை வாங்கும்போது வடிகுழாயைத் திறந்து பாருங்கள். துருச்செதில்கள் விழுந்தால், நீர் நிரப்பி அமுக்கச் சோதனை செய்விக்காமல் வாங்காதீர்கள். வடிகுழாய் இறுகிப்போயிருந்தால், காற்று முழுவதையும் வெளியேற்றிய பின்னரே அதைக் கழற்றுங்கள்.

வடித்த நீரில் எண்ணெய் கலந்திருக்கும். அதைக் கிணற்றடியிலோ தோட்டத்திலோ ஊற்றக்கூடாது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுண்ணக்கல் நிலத்தினூடாக ஊற்றியது கிணற்று நீரைச் சேரும். பழைய ரின் ஒன்றில் ஏந்தி வையுங்கள். எண்ணெய் மேலே மிதக்கும். பழந்துணியால் ஒற்றி எடுக்கலாம்.

காற்றிலுள்ள ஈரத்தை நாம் நிறுத்த முடியாது. அது சேரும் இடத்தை அறிந்து வெளியேற்றலாம். அதற்கு மாலையில் ஐந்து நிமிடம் போதும். வடித்த திகதியைத் தாங்கியின் மேல் சோக்கினால் எழுதிவையுங்கள். அப்பா இல்லாத நாளில் பட்டறையைத் திறக்கும் மகனுக்கோ மகளுக்கோ அது கண்ணில் படும்.