தொழுவம் வீடாகும்போது

புழக்கடையில் வெறுமனே கிடக்கும் செங்கல் தொழுவத்தைச் சிறு வீடாக மாற்ற நினைப்போர் முதலில் கூரையையே அண்ணாந்து பார்க்கின்றனர். ஆனால் வேலையின் கடினத்தை முடிவு செய்வது தரையை ஒட்டிய சில அடி உயரச் சுவரே ஆகும்.

மாட்டுச் சிறுநீரிலுள்ள யூரியா மண்ணில் அம்மோனியாவாகச் சிதைய, அதனை நுண்ணுயிர்கள் நைட்ரேட் உப்பாக மாற்ற, அவ்வுப்பு நீரில் கரைந்து செங்கல்லின் நுண்துளைகள் வழியே தானாக மேலேறுகிறது. வெயிற்காலத்தில் நீர் ஆவியானதும் உப்பு படிகமாகிக் காரையை உள்ளிருந்து நெம்பிப் பெயர்க்கிறது. மழைக்காலத்திலோ காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால், ஓடு ஒழுகாத தொழுவத்திலும் சுவர் ஓதம் காக்கிறது.

இத்தகைய சுவரின் மேல் சிமெண்ட் பூசி மறைப்பது பரவலான வழக்கம். அதனினும் கேடான வைத்தியம் இல்லை. வெளியேற வழியில்லாத ஈரம் பூச்சின் விளிம்பைத் தாண்டி இன்னும் உயரே ஏறிவிடும். பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, இடுக்குகளைச் சுரண்டி, பூத்த உப்பை நனைக்காமல் உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, நுண்துளைகள் நிறைந்த சுண்ணாம்புக் காரையைப் பூசுவதே தக்கது. எஞ்சிய உப்பு செங்கல்லை விட்டுக் காரைக்கு வந்து சேரும். சில ஆண்டுகளில் அக்காரை உதிர்ந்தாலும் மறுபடி பூசிக்கொள்ளலாம், செங்கல் பிழைத்துவிடும். உப்பேறிய தரைமண்ணைத் தோண்டி வயலில் கொட்டினால் அது நல்ல உரமாகும். அந்த இடத்தில் ஜல்லி பரப்பி, பாலித்தீன் விரிப்பிட்டு, மேலே கான்கிரீட் தளம் போடலாம்.

மூத்திரம் வடிவதற்காகத் தரைக்கு முன்பே கொடுக்கப்பட்டிருக்கும் சாய்வைப் புதுத் தளத்திலும் தக்கவைத்து, தாழ்ந்த மூலையில் குளியலறையை அமைத்தால் குழாய்ச் செலவு குறையும். இடுப்பளவே உள்ள சுவரை உயர்த்த, கேரளத்தில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டு ஏற்றது. செங்கற்களைக் குத்தாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் இம்முறையில் ஏறத்தாழ 25 விழுக்காடு செங்கல் மிச்சமாவதுடன், உள்ளிருக்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கிறது.

கூரையில் கைமரங்கள், அதாவது ஓட்டைத் தாங்கும் சாய்வு மரங்கள், சுவரில் அமரும் நுனியிலேயே முதலில் உளுத்துப்போகின்றன. ஆணியால் குத்திப் பார்த்து, ஆணி எளிதில் இறங்கும் பகுதியை மட்டும் அறுத்துப் புதுத்துண்டு இணைத்தால், முழுக் கூரையையும் பிரிக்க வேண்டியதில்லை.