பளிச்சென்ற மஞ்சளை நம்பாதீர்கள்

ஏலக்காயை உள்ளங்கையில் அள்ளிப் பார்த்ததுமே போடிநாயக்கனூர்க்காரர் தரம் சொல்லிவிடுவார். பச்சை மங்கினால் ஏலத்தில் விலை இறங்கிவிடும். நிறம் பார்த்தே வாங்கிப் பழகிய அந்தக் கண்தான் மளிகைக் கடையில் மஞ்சள் வாங்கும்போது நம்மை ஏமாற்றுகிறது.

அவித்துக் காயவைத்த விரலி மஞ்சளை மெருகேற்றும்போது லெட் குரோமேட் என்ற ஈயச் சாயத்தைத் தூவினால் மங்கிய சரக்கும் புதுசாக மின்னும். மஞ்சளில் கிராமுக்கு 10 மைக்ரோகிராம் ஈயம்தான் நம் நாட்டில் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு. 2020-21-ல் தெற்காசிய நகரங்களில் நடந்த ஆய்வில், பாட்னாவில் கிடைத்த சரக்கில் 1000 மைக்ரோகிராமைத் தாண்டியது. கொதிக்க வைத்தாலும் ஈயம் போகாது. எலும்பில் ஆண்டுக்கணக்கில் தங்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கர்ப்பிணி சாப்பிட்டால் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும்.

அதற்காக மஞ்சளை ஒதுக்க வேண்டாம். அதன் குர்குமின் அழற்சியைத் தணிக்கக்கூடியது. ஆனால் உடலில் எளிதில் சேராது. மிளகிலுள்ள பைப்பரின் கூடினால் பல மடங்கு சேர்கிறது என்று 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் காட்டினார்கள். ரசத்திலும் குழம்பிலும் நாம் போடும் சிட்டிகை போதும். குர்குமின் மாத்திரை வேறு விஷயம்: ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுவோரும் பித்தப்பைக் கல் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விரலி மஞ்சளைப் போட்டு அசைக்காமல் வையுங்கள். சாயம் பூசியதென்றால் மஞ்சள் கோடுகள் சட்டென்று நீரில் இறங்கும். இறங்காவிட்டாலும் முழு உத்தரவாதம் இல்லை. ஆய்வகம்தான் முடிவு சொல்லும்.

மசாலாப் பொடியை உதிரியாக விற்கவே சட்டத்தில் இடமில்லை. கூலி வாங்கிய கையோடு ஐம்பது கிராம் வாங்கினாலும் பாக்கெட்டாகவே கேளுங்கள். 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண்ணைப் பாருங்கள். 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவு, வாங்கியவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்க உரிமை தருகிறது. வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். சரக்கு தவறென்றால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். இந்த உரிமையை யாரும் நமக்கு எடுத்துச் சொல்வதில்லை என்பதே என் ஆதங்கம்.

புகார் வீண் என்று நினைப்பவர்கள் வங்கதேசத்தைப் பார்க்கலாம். 2019-ல் அங்கே சோதித்த சந்தை மஞ்சளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. சோதனையும் அபராதமும் தொடர்ந்ததில், 2021-ல் ஒன்றில்கூட இல்லை. சந்தேகம் வந்தால் ரசீதையும் மீதிப் பொடியையும் பத்திரப்படுத்தி, தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்தோடு அனுப்புங்கள். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.