முத்து மாலை வாங்கப் போகிறீர்களா?

பெண்ணின் கல்யாணத்துக்கு முத்து மாலை வாங்கக் கிளம்பிவிட்டீர்களா? ஒரு நிமிஷம்! "அசல் ஹைதராபாத் முத்து, அம்மா!" என்பார் கடைக்காரர். ஹைதராபாத்தில் கடல் ஏது? அது முத்துக்குப் பேர்போன சந்தை, அவ்வளவுதான். அங்கே விற்பவற்றில் பெரும்பாலானவை சீனத்துக் குளங்களில் வளர்ந்த நன்னீர் முத்துக்கள்.

கடல் முத்துக்கு ஏன் விலை அதிகம்? ஜப்பானின் அகோயா சிப்பிக்குள் மணி ஒன்றை வைத்து வளர்த்தால், கிடைப்பது ஒன்றிரண்டு முத்துத்தான். நன்னீர்ச் சிப்பியோ 30, 40 என்று வாரி வழங்கும்! தானாகவே விளைந்த கடல் முத்து எல்லாவற்றிலும் அபூர்வம். அதற்குப் பெயர்பெற்ற நம் தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல்.

மலிவாயிற்றே என்று நன்னீர் முத்தை இளப்பமாக எண்ணாதீர்கள். வளர்ப்புக் கடல் முத்தின் நடுவே இருப்பது வைத்த மணி. முத்துப் பூச்சு அதன் மேலேதான். நன்னீர் முத்தோ பெரும்பாலும் உள்ளும் புறமும் முத்தே!

பல்லில் மெல்ல உரசிப் பாருங்கள். நறநறத்தால் முத்து, வழுக்கினால் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ. ஆனால் கடலா, குளமா என்பதைப் பல் சொல்லாது. அதைக் கடைக்காரரையே ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால், பணப்பையை மூடிக்கொண்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்!