புல்வெளியும் காடே!

காடு என்றவுடன் நம் கண்முன் தோன்றுவன வானளாவிய மரங்களே. ஆனால் நீலகிரியின் உயர்ந்த பகுதிகளில் காட்டின் தோற்றமே வேறு! சரிவெங்கும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற புல்வெளி. பள்ளத்தாக்குகளின் மடிப்புகளில் மட்டும் அடர்ந்த சோலைக்காடு. இவ்விரண்டும் மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி, சுனைகளுக்கும் ஓடைகளுக்கும் சிறிது சிறிதாக வழங்குகின்றன. மோயாறும் பவானியும் பெருகுவது இவற்றால்தான். பவானி காவிரியோடு கலந்து நம் வயல்களை வளப்படுத்துகிறது.

இக்காடுகளை ஆள்வது யார்? அரசின் வனத்துறையே. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்தின்படி காப்புக்காடுகள் உருவாயின. 1976இல் அரசியலமைப்பின் 42ஆவது திருத்தம் காடுகளைப் பொதுப் பட்டியலில் சேர்த்தது. காட்டு நிலத்தைப் பிற பணிகளுக்குப் பயன்படுத்த நடுவண் அரசின் முன் அனுமதி வேண்டும் என்று 1980ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. மாவட்ட வன அலுவலர், வனச்சரகர், வனவர், வனக்காப்பாளர் எனப் பலரும் படிப்படியாகப் பொறுப்பேற்றுள்ளனர்.

சட்டமும் அலுவலரும் இருந்தால் போதுமா? நிலத்தின் இயல்பை அறிதலும் வேண்டும் அல்லவா? மரமில்லாத புல்வெளியைத் தரிசு என்றே அக்காலத்தில் எண்ணினர். ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த சீகை மரங்களும் கற்பூர மரங்களும் விறகுக்காகவும், தோல் பதனிடும் பட்டைக்காகவும், ஆலைகளின் மரக்கூழுக்காகவும் அங்கே நடப்பட்டன. சுதந்திரத்திற்குப் பின்னும் அரசே இதைப் பெருமளவில் தொடர்ந்தது. சோலை மரங்கள் விறகாகாமல் தப்பும் என்ற நல்லெண்ணமும் அதில் இருந்தது. ஆனால் விளைவு என்ன? புல்வெளி சுருங்கியது. நம் மாநில விலங்காகிய வரையாடு மேய்ச்சலை இழந்தது. தோடர் மக்களின் எருமைகளுக்கும், அவர்கள் கோயில் வேயும் புல்லுக்கும் பஞ்சம் வந்தது.

இன்று அரசு பாதையை மாற்றியுள்ளது. முக்கூர்த்தி 1990இல் தேசியப் பூங்காவாயிற்று. அந்நியத் தாவரங்களை அகற்றி இயற்கையை மீட்க, 2022இல் தமிழ்நாடு அரசு ஒரு கொள்கை வகுத்தது. ஆயினும் இது எளிய பணியன்று. சீகையின் விதைகள் மண்ணில் பல்லாண்டுகள் உறங்கி, மரத்தை வெட்டியபின் மீண்டும் முளைக்கும். ஒரேயடியாக வெட்டினாலோ சரிவில் மண் அரிக்கும். எனவே பகுதி பகுதியாக வெட்டி, நாற்றுகளைக் களைந்து, மண்ணுக்குரிய புல்லை நடவேண்டும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, காட்டைக் காப்பதில் அங்கு வாழும் மக்களின் கிராம சபைக்கும் பங்குண்டு. புல்லின் குணம் அவர்களன்றி வேறு யாருக்கு நன்கு தெரியும்?

தோழியரே! மரம் நடுவது நற்செயலே. ஆயினும் எங்கே, எந்த மரம் என்று கேட்டறிந்து நடுவோம். இறைவனின் படைப்பில் வீண் என்று ஏதுமில்லை. காலடியில் கிடக்கும் புல்லையும் மதித்துக் காப்போமாக!